வயலோர அறையும் வருமான வரியும்

"அண்ணாச்சி, நம்ம தோட்டத்துல இருந்து வர்ற பணம் எல்லாமே விவசாய வருமானம்தானே?"

கேட்டவர் சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் 2 ஏக்கரில் இயற்கை முறையில் நெல் போடுகிறவர். வயலோரமாக இரண்டு அறை கட்டி, குற்றாலம் சீசனுக்கும் மணிமுத்தாறு அருவிக்கும் வருகிற குடும்பங்களை நாள் வாடகைக்குத் தங்க வைக்கிறார். வங்கிக் கடனுக்காக ரிட்டர்ன் போட்டபோது, காரும் பிசானமும் தந்த 1 லட்சத்து 60 ஆயிரத்தோடு, அறையில் வசூலான 5 லட்சத்து 40 ஆயிரத்தையும் சேர்த்து 'விவசாய வருமானம் 7 லட்சம்' என்று எழுதிவிட்டார். 2 ஏக்கரில் 7 லட்சம் எப்படி என்று வருமான வரித் துறையிலிருந்து கேள்வி வந்துவிட்டது.

அவர் முன்பதிவு வாங்குவது ஆன்லைன் தளம் வழியாக. ஒருவருடைய பதிவுத் தொகை ஆண்டுக்கு 5 லட்சத்தைத் தாண்டினால் அந்தத் தளம் 0.1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து அவருடைய பான் எண்ணில் கட்டிவிடும். 540 ரூபாய்தான். ஆனால் மொத்த வசூலும் துறையின் கணினியில் ஏறிவிடுகிறது.

விளைச்சலுக்கு வரி இல்லை, சரி. வயலுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டிடத்துக்கும் சலுகை உண்டு. ஆனால் அது உழவர் குடியிருக்கவோ நெல் அடுக்கவோ விவசாயத்துக்குத் தேவைப்படும் கட்டிடமாக இருக்க வேண்டும். அதையே வெளியாருக்குத் தங்க விட்டு வரும் பணம் விவசாய வருமானம் ஆகாது என்று 2000ஆம் ஆண்டு நிதிச் சட்டம் தெளிவாகவே எழுதிவிட்டது. இப்போது வந்திருக்கும் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறியிருக்கிறது. இந்த விஷயம் மாறவில்லை.

அறையை மாத வாடகைக்குச் சும்மா விட்டால் அது வீட்டு வாடகை வருமானம்; 30 சதவீதம் கழிவு உண்டு. நாள் கணக்கில் விட்டு, சாப்பாடு போட்டு, படுக்கை மாற்றிக் கொடுத்தால் அது தொழில். சிறு தொழிலுக்கு விரிவான கணக்குப் புத்தகம் இல்லாத எளிய வழி ஒன்று இருக்கிறது. வங்கி வழியாக வந்த வசூலில் குறைந்தது 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டலாம். கையில் அதைவிடக் கூடுதலாக நின்றால் கூடுதலைக் காட்டுவதுதான் முறை.

நண்பருக்குச் செலவு போக நின்றது சுமார் 3 லட்சம். வேறு வருமானம் இல்லாததால், புதிய வரி முறையில் அதற்கு ஒரு பைசா வரி வராது! வராத வரிக்குப் பயந்து தப்பாக எழுதியிருக்கிறார். வரி வரக்கூடிய இடத்தில் இப்படி எழுதியிருந்தால், மறைத்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரை போகும்.

2025-26 கணக்குக்கு, புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. 12 லட்சம் வரை தள்ளுபடி. ஆனால் 4 லட்சம் தாண்டினால் ரிட்டர்ன் போட்டே ஆகணும். என்னைப் போல பென்ஷன் வாங்கிக்கொண்டு உழுகிறவர்கள் ஒன்று கவனிக்கணும். மற்ற வருமானம் 4 லட்சம் தாண்டி, விவசாய வருமானமும் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், வரி விகிதம் பார்க்க மட்டும் இரண்டையும் கூட்டிப் போடுவார்கள். நெல்லுக்கு வரி இல்லாவிட்டாலும் பென்ஷன் மேல் விழும் வரி ஏறும்.

விருந்தாளி ஊருக்குக் கிளம்பும்போது வாங்கிப் போகும் நம்ம வயல் நெல் விவசாய வருமானம். அதே நெல்லைக் குத்திச் சோறாகப் போட்டால் சாப்பாட்டுப் பணம் தொழிலில் சேரும். ஆனால் முழுக் கணக்கு வைத்திருப்பவர்கள் அந்த நெல்லின் சந்தை விலையைத் தொழில் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். வருமான வரி விதி 7 தந்த வசதி இது. 6 சதவீத எளிய வழியில் போகிறவர்களுக்கு இந்தக் கழிவு தனியாகக் கிடைக்காது.

இந்த வாரம் நண்பரை ஆடிட்டரிடம் கூட்டிப் போகிறேன். நெல் விற்ற ரசீதுகளை ஒரு பையிலும், தங்கினவர்கள் நோட்டையும் வங்கிப் பாஸ்புக்கையும் இன்னொரு பையிலும் போட்டு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். அறைப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கும் படிவத்தையும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.