புல்லை வெட்டுகிறதா, பிய்க்கிறதா?

பொழுது இன்னும் விடியவில்லை. கோல்ப் மைதானத்துக்கு ஆட்டக்காரர்கள் யாரும் வரவில்லை. ஆனால் புல் வெட்டும் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். ஆட்டம் தொடங்குமுன் அவர்களுடைய வேலை முடிய வேண்டும்.

கோல்ப் ஆட்டத்தில் சிறிய பந்தைக் கோலால் அடித்துக் குழியில் போட வேண்டும். குழியைச் சுற்றியுள்ள இடத்துக்குக் 'கிரீன்' என்று பெயர். அங்கே புல்லின் உயரம் 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டை அடுக்கிப் பாருங்கள். ஏறத்தாழ அவ்வளவுதான்! இதை எந்த அரிவாளால் வெட்ட முடியும்? இதற்கென்றே தனி இயந்திரம் இருக்கிறது.

கொல்கத்தாவில் 1829ஆம் ஆண்டிலேயே கோல்ப் கிளப் தொடங்கிவிட்டது. புல் வெட்டும் இயந்திரம் அதற்கு அடுத்த ஆண்டில்தான் பிறந்தது. 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் அதைச் செய்தார். துணியின் மேலுள்ள பிசிறை வெட்டும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது.

இந்த இயந்திரத்தில் இரண்டு கத்திகள் உண்டு. ஒன்று சுழல்கத்தி. அது உருளை போல இருக்கும். அதில் பல கத்தித் தகடுகள் முறுக்கி அமைந்திருக்கும். மற்றொன்று அடிக்கத்தி. அது அசையாது. இரண்டுக்கும் நடுவில் சிக்கும் புல் வெட்டுப்படும். கத்தரிக்கோலும் இப்படித்தான் வேலை செய்கிறது. கத்தரிக்கோலின் திருகு தளர்ந்தால் துணி மடங்கும், வெட்டுப்படாது. தையல்காரரைக் கேட்டால் சொல்வார்.

புல் விஷயத்திலும் அதேதான். கத்திகளுக்கு இடையே இடைவெளி கூடினால் புல் பிய்ந்துவிடும். மறுநாள் அதன் நுனி பழுப்பாகும். பிய்ந்த இடம் வழியாக நோயும் நுழையும்.

கத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டுச் செய்தித்தாள் போதும். அதை இரண்டு கத்திகளுக்கும் நடுவில் கொடுத்து, சுழல்கத்தியை மெல்லச் சுற்ற வேண்டும். இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடத்திலும் தாள் சுத்தமாக வெட்டுப்பட வேண்டும். ஓர் ஓரத்தில் மட்டும் மடங்கினால் அந்தப் பக்கத்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும்.

பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். மழுங்கிய கத்தியை வெட்டவைக்கத் திருகை மேலும் மேலும் இறுக்குகிறார்கள். அப்போது கத்திகள் உரசிச் சூடாகும். சீக்கிரம் தேயும். எஞ்சின் திணறும். மழுங்கிய கத்திக்குச் சாணைதான் வைத்தியம், இறுக்குவது அல்ல. கிரீனில் மணல் தூவிய சில நாட்களில் கத்தி வேகமாக மழுங்கும். அப்போது தினமும் தாளை வைத்துப் பார்ப்பது நல்லது.

இந்தச் சோதனையில் விரல் போகும் ஆபத்து உண்டு. எஞ்சினை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக் வயரையும் கழற்றிவிட வேண்டும். கெட்டியான கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் தாளைப் பிடிக்க, இன்னொருவர் சுற்றக் கூடாது. தாளைப் பிடிப்பவரே சுற்ற வேண்டும். ஒரு தகட்டைத் தள்ளினால் எல்லாத் தகடுகளும் நகரும் என்பதை மறக்கக் கூடாது. கத்தியில் கூழாங்கல் சிக்கினாலும் விரலை விடக் கூடாது. கல் விடுபட்டதும் கத்தி சட்டென்று சுழலும். மரக்குச்சியால்தான் தள்ள வேண்டும். கல் போன பிறகு கத்தியின் முனை மடங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எஞ்சின் கிளம்பாவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. பெட்ரோல் இருக்கிறதா, பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, பிளக்கில் கரி படிந்திருக்கிறதா, காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் அகப்பட்டுவிடும்.

ஓட்டிச் செல்லும் பெரிய வண்டிகளில் எண்ணெய் அழுத்தத்தால் கத்திகள் சுழலும். எண்ணெய்க் குழாய் கசிந்தால் வண்டி போன வழியெல்லாம் புல் கருகும். அந்தப் பழுப்புக் கோடு மறைய வாரக்கணக்கில் ஆகும். அதனால் வண்டியைக் கிரீனில் ஏற்றுமுன் வெளியே நிறுத்திக் குழாய்களைப் பார்க்கிறார்கள். கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் ஊசிபோலத் தோலுக்குள் ஏறிவிடும். ஓர் அட்டைத் துண்டை அருகில் பிடித்தால், கசியும் இடத்தில் அட்டை நனைந்து காட்டிக்கொடுக்கும்.