குருவானவர் ஆகும் முன்

ஞாயிறு பள்ளியில் மனப்பாடமான ஆதியாகமம்தான் இறையியல் மாணவரை முதலில் தடுமாற வைக்கிறது. முதல் அதிகாரத்தில் மரஞ்செடிகளும் விலங்குகளும் உண்டான பிறகு, ஆறாம் நாளில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே படைக்கப்படுகிறார்கள். இரண்டாம் அதிகாரத்திலோ மனிதன்தான் முதலில். பிறகு தோட்டம், அதற்கும் பிறகு விலங்குகள், கடைசியில் பெண். இவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் எழுதியவை என்று பேராசிரியர் அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். மாணவருக்கு அன்றிரவு தூக்கம் வராது.

அதோடு முடிவதில்லை. ஏசாயா 40-ஆம் அதிகாரத்திலிருந்து பேசுவது பாபிலோன் சிறையிருப்புக் கால மனிதர் என்பார்கள். மாற்கு நற்செய்தியின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்பார்கள். வேதத்தை நன்றாகத் தெரியும் என்ற தைரியத்தில் வந்தவர்தான் அதிகம் ஆடிப்போகிறார். ஒன்றும் தெரியாமல் வருகிறவர் பிழைத்துக்கொள்கிறார்.

தமிழ்நாட்டில் இந்தத் தடுமாற்றத்தைத் தமிழிலேயே அனுபவிக்க முடிகிற முக்கியமான இடம், மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபையும் சேர்ந்து 1969-இல் தொடங்கியது. பாடம் மதுரையில் நடந்தாலும் பி.டி. என்னும் இறையியல் பட்டம் வருவது வங்காளத்தின் செராம்பூரிலிருந்து. 1818-இல் மிஷனரி வில்லியம் கேரியும் நண்பர்களும் அங்கே கல்லூரி தொடங்கியபோது அந்த ஊர் டென்மார்க்கின் வசம் இருந்தது. பட்டம் வழங்கும் உரிமையை 1827-இல் டென்மார்க் அரசரே சாசனமாக எழுதிக் கொடுத்தார். நம் தரங்கம்பாடியும் அன்று டேனியர் ஊர்தான். 1706-இல் அங்கே வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்க், உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்கப் பத்தே ஆண்டில் ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். 1733-இல் அருட்பொழிவு பெற்ற ஆரோன்தான் புராட்டஸ்டண்ட் சபையின் முதல் தமிழ்க் குருவானவர்.

இன்று குருவானவராக விரும்புகிறவர் பொதுவாகத் தன் சேகரத்தின் (சில சபைகள் சேர்ந்த வட்டம்) பரிந்துரையோடு திருமண்டலத்தின் (பேராயரின் ஆளுகைப் பகுதி) நேர்காணலைத் தாண்ட வேண்டும். திருமண்டலம் அனுப்பி வைத்தால் படித்து முடித்ததும் வேலை உண்டு. சொந்த முயற்சியில் சேர்ந்தவருக்கு அந்தக் கவலை நான்கு ஆண்டும் கூடவே வரும்.

விடுதி வாழ்க்கை மணிக்குக் கட்டுப்பட்டது. காலை ஜெபம், ஆலய வழிபாடு, வகுப்பு, நூலகம், மாலையில் விளையாட்டு, மறுபடியும் ஜெபம். வலமிருந்து இடமாக ஓடும் எபிரேயமும், வினைச்சொல் ஒவ்வொன்றும் பல வடிவம் எடுக்கும் கிரேக்கமும் தேர்வு நேரத்தில் பலரை அழவைக்கும். இந்து சமயம், இஸ்லாம், சமூகவியல், பெண்ணியம் ஆகியவையும் பாடங்கள்தான். ஆனால் எல்லாரும் அஞ்சுவது பிரசங்க வகுப்புக்கு. சக மாணவர்கள் முன்னால் பிரசங்கித்துவிட்டு, அவர்கள் அதைப் பிரித்து மேய்வதை உட்கார்ந்து கேட்க வேண்டும். ஊரில் அல்லேலூயா வாங்கிய குரல் இங்கே செல்லாது.

வாரக் கடைசியில் அருகிலுள்ள சபைகளுக்குப் போகிறார்கள். அரசரடியின் தனித்தன்மை அதைவிடப் பெரிது. படிப்பின் ஒரு பகுதியை வளாகத்துக்கு வெளியே, குடிசைப் பகுதிகளில் ஏழை மக்களோடு தங்கிக் கழிக்கும் ஏற்பாட்டை இந்தக் கல்லூரி கொண்டுவந்தது. தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நிற்கிற பெண்ணுக்கு ஆதியாகமத்தை எழுதியவர் யார் என்பது கேள்வியே அல்ல. ரேஷன் அட்டைக்கு விண்ணப்பம் எழுதித் தருவாரா என்றுதான் மாணவரைப் பார்ப்பார்.

இந்தத் திசையைப் பாட்டாக்கிக் கொடுத்தவர் இங்கே ஆசிரியராக இருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு. பறட்டை அண்ணன் என்றால்தான் பலருக்குத் தெரியும். சாவு வீட்டோடும் தீண்டாமையோடும் கட்டிப்போடப்பட்டிருந்த பறையை அவர் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார், நாட்டுப்புற மெட்டுகளில் ஆராதனை முறையே எழுதினார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கி உண்பதுதான் அவருக்கு இறையாட்சி. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் சபைகள் இன்னும் இருக்கிற ஊரில் இதைப் பாடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். 2005-இல் அவர் காலமான பிறகும் அவர் பாட்டுகளைக் கற்றுக்கொண்டுதான் மாணவர்கள் வெளியே போகிறார்கள்.

மாணவிகளின் பாதை இன்னும் கரடுமுரடு. தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே பெண்ணுக்கு அருட்பொழிவு தந்தது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 2006-இல்தான் தந்தது. ஆனாலும் ஒரு பெரிய சேகரத்துக்குப் பெண் குருவானவர் வந்தால் இன்றும் அது ஊரெல்லாம் பேசும் செய்தி.

பட்டம் வாங்கியதும் அங்கி கிடைத்துவிடாது. சில காலம் பயிற்சிப் பணி, பிறகு டீக்கன், அதன் பிறகே முழுக் குருவானவர். நெல்லைப் பக்கம் என்றால் அன்றிலிருந்து அவர் ஊருக்கு ‘ஐயர்’. முதல் ஞாயிறு பிரசங்க மேடையில் நிற்கும்போது கேள்வி திரும்பி வருகிறது: இரண்டு படைப்புக் கதைகள் உண்டு என்று இவர்களிடம் சொல்லலாமா? பெரும்பாலானோர் சொல்வதில்லை. நான்கு ஆண்டு படித்ததைப் பெட்டியில் பூட்டிவிட்டு, ஊர் எதிர்பார்க்கிற பிரசங்கத்தைச் செய்துவிடுகிறார்கள். இது சபைக்கும் இழப்பு என்றே தோன்றுகிறது. சொல்ல நினைக்கிற சிலர் மேடையை நம்புவதில்லை. அதை வாரநாள் மாலை வேதபாடக் கூட்டத்துக்கு ஒதுக்கி வைக்கிறார்கள். அங்கே வருவது பத்துப் பதினைந்து பேர்தான், ஆனால் எதிர்க்கேள்வி கேட்பார்கள்.