உங்களுக்குத் தெரியுமா? – விக்கிக் குறியீடுகள்

● உலகின் முதல் விக்கியை அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995 மார்ச் 25 அன்று இணையத்தில் ஏற்றினார். அதில் பக்கங்களை இணைக்கத் தனிக் குறியே கிடையாது. இரண்டு ஆங்கிலச் சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டி, இரண்டின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால் போதும், இணைப்பு விழுந்துவிடும். பெரிய எழுத்தே இல்லாத தமிழில் இது நடக்குமா? 2001 ஜனவரியில் விக்கிப்பீடியாவும் இதே முறையோடுதான் தொடங்கியது. ஒற்றைச் சொல் தலைப்புகள் ஆங்கிலத்திலேயே திண்டாடின. அந்த ஆண்டிலேயே இரட்டைச் சதுர அடைப்பு வந்து சேர்ந்தது. [[மதுரை]] என்று இன்று நாம் இணைப்புக் கொடுப்பது அதன் புண்ணியத்தில்.

● முதல் விக்கியில் பட்டியல் போட, வரியின் தொடக்கத்தில் டேப் வேண்டும். உலாவியிலோ டேப் விசையைத் தட்டினால் கர்சர் எழுதும் பெட்டியை விட்டே ஓடிவிடும்! 'என்னால் டேப் அடிக்க முடியாது, இடைவெளிகளை மாற்றிக் கொடு' என்று கேட்பதற்காகவே ஒரு தேர்வுக் கட்டத்தைச் சேர்த்தார்கள். குறியீட்டைத் தேர்ந்தெடுக்குமுன் விசைப்பலகையைப் பார்ப்பது நல்லது.

● நம் விசைப்பலகையையும் பார்ப்போம். விக்கிப்பீடியாவில் சாய்வெழுத்துக்கு இரண்டு ஒற்றை மேற்கோள்குறி, தடித்த எழுத்துக்கு மூன்று. தமிழ்99 அமைப்பில் அந்த விசையை நேராக அழுத்தினால் விழுவது 'ய'. சதுர அடைப்பு விசைகளில் உட்கார்ந்திருப்பவை 'ச', 'ஞ'. இணைப்புக்கும் அழுத்தத்துக்கும் அன்றாடம் வேண்டிய குறிகள் இவைதான்!

● விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் சமக்குறி கூடக்கூடத் தலைப்பு சிறுக்கும். டோகுவிக்கி என்ற வேறொரு விக்கி மென்பொருளில் நேர்மாறு: ஆறு சமக்குறி போட்டால்தான் மிகப் பெரிய தலைப்பு. ஒன்றில் பழகிய கை மற்றதில் தடுமாறாமல் என்ன செய்யும்?

● இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்ட, டென்மார்க்கின் ஒடென்ஸ் நகரில் 2006இல் நடந்த விக்கி மாநாட்டில் 'கிரியோல்' என்ற பொதுக் குறியீட்டுக்கு வித்திட்டார்கள். 2007 ஜூலையில் அதன் 1.0 பதிப்பு வெளியானது. சாய்வெழுத்துக்கு இரட்டைச் சாய்கோடு. ஆனால் ஒவ்வொரு இணைய முகவரியிலும் அதே // இருக்கிறதே! அதற்கெனத் தனி விதி எழுத வேண்டியதாயிற்று. விக்கிப்பீடியா இதற்கு மாறவேயில்லை.

● ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் என்ற குறியீட்டு முறை, மின்னஞ்சலில் மக்கள் ஏற்கெனவே போட்டுவந்த நட்சத்திரக் குறிகளை அப்படியே எடுத்துக்கொண்டது. மூல உரையாகவே படிக்கலாம். சிறு குழுவின் விக்கிக்கு என் ஓட்டு இதற்கே. ஒரு குறும்பு மட்டும் உண்டு: பத்திக்குள் வரியை உடைக்க, வரி முடிவில் இரண்டு இடைவெளி விட வேண்டும். கண்ணுக்கே தெரியாத குறியீடு!