சீட்டில் விழும் குதிரை

அமெரிக்கக் கல்லூரிகளில் குதிரையேற்றமும் ஒரு போட்டி விளையாட்டு, நேயர்களே. சொந்தக் குதிரை வைத்திருக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே என்று தோன்றும். அப்படி இருக்கக்கூடாது என்று 1967-இல் தொடங்கியதுதான் அங்குள்ள கல்லூரிகளுக்கிடையிலான குதிரையேற்றச் சங்கம். அதன் போட்டிகளில் யாரும் தன் குதிரையில் ஏறி வரமுடியாது. போட்டியை நடத்தும் கல்லூரிதான் குதிரைகளுக்கு ஏற்பாடு செய்யும். எது யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கல் சொல்லும். ஒத்திகை கிடையாது. அங்கவடி வாரின் நீளத்தைச் சரிசெய்துகொண்டு நேரே களத்துக்குள் போகவேண்டியதுதான்.

அதனால் பயிற்சியிலும் குதிரைகளை மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். சில நாள் நீண்ட கயிற்றைப் பிடித்தபடி ஆசிரியர் நடுவில் நிற்க, குதிரை அவரைச் சுற்றி ஓடும். மேலே இருப்பவர் கையில் கடிவாள வாரும் இல்லை, காலுக்கு அங்கவடியும் இல்லை. பயந்து முழங்காலை இறுக்கினால் உடம்பு மேலே எழும்பும், சமநிலை போய்விடும். காலைத் தளர்த்தி, சேணத்தில் ஆழ உட்காரவேண்டும். கேட்க எளிது, மறுநாள் மாடிப்படி ஏறும்போது தொடை வேறு கதை சொல்லும்!

முதல்முறை குதிரை ஏறுபவருக்கும் இந்தப் போட்டிகளில் தனிப் பிரிவு உண்டு. அவர் எடுக்கும் புள்ளியும் அணியின் கணக்கில் சேரும்.