உங்களுக்குத் தெரியுமா? பேட்டரியின் நாடி பார்க்கும் கண்ணாடி இழை

ரெட்டியார்சத்திரம் வழியே திண்டுக்கல்–பழனி சாலையில் இன்று மின்சார ஸ்கூட்டர்களும் ஓடுகின்றன. அவற்றின் பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்பதை, இணைய கேபிளில் உள்ளது போன்ற ஒளியிழையாலேயே அறிய முடியும்!

● இழையின் தடிமன் 0.125 மில்லிமீட்டர்தான். அதன் ஒரு சிறு பகுதியில் லேசரால் நுண்ணிய வரிகளைப் பதிக்கிறார்கள். அந்த இடம் ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும்.

● சூடேறினாலோ இழுபட்டாலோ அந்த அலைநீளம் நகரும். 1,550 நானோமீட்டர் ஒளியில், ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.01 நானோமீட்டர். இதை அளந்தே வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள்.

● லித்தியம் அயனி பேட்டரி சார்ஜ் ஏறும்போது அதன் கிராஃபைட் மின்முனை சுமார் 10 சதவீதம் விரியும். அந்த அழுத்தத்தையும் இழை உணரும்.

● இழை கண்ணாடியால் ஆனதால் மின்சாரத்தைக் கடத்தாது. மோட்டாரின் மின்காந்த இரைச்சலும் அளவீட்டைக் கெடுக்காது.

● இழைக்குள் இத்தகைய வரிகள் உருவாவதை 1978-இல் கனடாவின் கென்னத் ஹில் குழு கண்டறிந்தது. 2020-இல் பிரான்சின் ழான்-மரி தாரஸ்கோன் குழு, இழையைப் பேட்டரிக்கு உள்ளேயே செருகி, அங்கு நிகழும் வேதிவினைகளின் வெப்பத்தை அளந்து காட்டியது.

● தமிழ்நாட்டிலேயே, காரைக்குடியில், 1948-இல் நிறுவப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் பேட்டரி ஆய்வில் ஈடுபட்டுள்ளது.

இழையின் ஒளியைப் படிக்கும் கருவி விலை அதிகம் என்பதால், சாதாரண ஸ்கூட்டர்களுக்கு இந்த வசதி இன்னும் வரவில்லை. அதுவரை நாமே கவனிப்போம்: உப்பிய பேட்டரியை ஒருபோதும் சார்ஜில் போடாதீர்கள்!