அமெரிக்கக் கப்பல்... ஜப்பான் கொடி! 'ரோந்துப் படகு எண் 102' கதை தெரியுமா?

இரண்டாம் உலகப் போர் நேரம். பசிபிக் கடல் மேல் பறந்த அமெரிக்க விமானிகள் சிலர் ஒரு விசித்திரமான தகவலோடு திரும்பினார்கள். ஜப்பான் கட்டுப்பாட்டில் இருந்த கடல் பகுதியில் ஒரு போர்க்கப்பல் போகிறது, அது பார்க்க அமெரிக்கக் கப்பல் மாதிரியே இருக்கிறது என்றார்கள்.

எதிரியின் கடலுக்குள் அவ்வளவு தூரம் அமெரிக்கக் கப்பல் போக வாய்ப்பே இல்லை. அப்போ அவங்க பார்த்தது என்ன? நிஜமாகவே அது அமெரிக்கக் கப்பல்தான். ஆனால் அதில் பறந்தது ஜப்பான் கொடி. அது எப்படி நடந்தது?

எந்தக் கப்பல் இது?

அதன் பெயர் யுஎஸ்எஸ் ஸ்டூவர்ட். 1920-ல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. சுமார் 96 மீட்டர் நீளம், வரிசையாக 4 புகைபோக்கிகள். இதுதான் அதன் அடையாளம். 1922 முதல் ஆசியக் கடல் பகுதியில் பணியாற்றியது.

1942 பிப்ரவரியில் ஜப்பான் படைகள் இன்றைய இந்தோனேசியாவை நோக்கி வேகமாக முன்னேறின. பிப்ரவரி 19 இரவு தொடங்கி 20 அதிகாலை வரை பாலி தீவு அருகே, படுங் நீரிணையில் சண்டை நடந்தது. ஸ்டூவர்ட் மீது குண்டுகள் பாய்ந்தன. கப்பலைத் திருப்பும் இயந்திர அறைக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படியும் ஜாவா தீவின் சுரபாயா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஜப்பானிடம் சிக்கியது எப்படி?

பிப்ரவரி 22-ம் தேதி பழுதுபார்க்க மிதக்கும் ட்ரை டாக்கில் ஏற்றினார்கள். அங்கேதான் வினை வந்தது. கப்பலுக்குச் சரியாக முட்டுக் கொடுக்கவில்லை. தாங்கு கட்டைகளில் இருந்து சரிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ப்ரொப்பெல்லர் தண்டுகள் வளைந்துபோயின.

மேலே ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. சுரபாயா விழப்போவது உறுதி. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று மார்ச் 2-ம் தேதி கப்பலுக்குள் வெடி வைத்தார்கள். ட்ரை டாக்கையும் சேர்த்து மூழ்கடித்துவிட்டுக் கிளம்பினார்கள். மார்ச் 25-ல் கடற்படைப் பட்டியலில் இருந்து ஸ்டூவர்ட் நீக்கப்பட்டது. அந்தப் பெயரையும் வேறொரு புதிய கப்பலுக்கு வைத்துவிட்டார்கள். கதை முடிஞ்சதுன்னு நினைச்சாங்க.

உடைந்த கப்பல் ஜப்பானுக்கு எதற்கு?

ஜப்பானுக்கு எண்ணெய் கடல் வழியாகத்தான் வர வேண்டும். போர் தொடங்கியதற்கு ஒரு காரணமே இந்தோனேசிய எண்ணெய்தான். அதை ஏற்றிவரும் கப்பல்களை அமெரிக்க நீர்மூழ்கிகள் குறிவைத்தன. ஆனால் பெரிய போர்க்கப்பல்களுக்கு முக்கியத்துவம் கொடுத்த ஜப்பான், சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போகும் சிறிய காவல் கப்பல்களைக் கண்டுகொள்ளவில்லை. போர் தொடங்கும்போது 'கைபோகன்' எனப்படும் அந்த வகைக் கப்பல் அதனிடம் இருந்தது வெறும் 4.

அதனால் கிடைத்ததை எல்லாம் பயன்படுத்த வேண்டிய நிலை. 1943 பிப்ரவரியில் ஸ்டூவர்ட்டைத் தண்ணீரில் இருந்து தூக்கினார்கள். முன்பக்கப் புகைபோக்கிகள் இரண்டையும் ஒன்றாக இணைத்தார்கள். ஜப்பான் பீரங்கிகளைப் பொருத்தினார்கள். 1943 செப்டம்பர் 20-ம் தேதி 'ரோந்துப் படகு எண் 102' என்ற பெயரில் அது காவல் பணிக்கு வந்தது.

79 பேரைப் பலிகொண்ட காலை

1944 ஆகஸ்ட் 24. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவு, தசோல் விரிகுடா. ஹார்டர், ஹேக் என்ற இரண்டு அமெரிக்க நீர்மூழ்கிகள் அங்கே காத்திருந்தன. இரண்டு நாளுக்கு முன்புதான் ஹார்டர், ஜப்பானின் மட்சுவா, ஹிபுரி என்ற இரண்டு காவல் கப்பல்களை மூழ்கடித்திருந்தது.

அன்று காலை எதிரே இரண்டு கப்பல்கள் வந்தன. ஒன்றுக்கு 3 புகைபோக்கிகள். அதைத் தாய்லாந்தின் 'பிரா ருவாங்' என்று ஹேக் நினைத்துக்கொண்டது. உண்மையில் அது 102. தங்கள் நாட்டுக் கப்பல்தான் அது என்று யாருக்கும் தெரியவில்லை.

102 விரிகுடாவை நோக்கித் திரும்பியது. கூட வந்த 'எண் 22' காவல் கப்பல் வெளியே நின்று தாக்கியது. காலை 7.28 மணிக்கு, தண்ணீருக்கு அடியில் அடுத்தடுத்து 15 குண்டுகள் வெடித்த சத்தம் ஹேக்குக்குக் கேட்டது. ஹார்டர் திரும்பி வரவே இல்லை. கேப்டன் சாமுவேல் டீலி உட்பட 79 பேரும் இறந்தார்கள்.

தாக்கியது 102 இல்லை. ஆனால் அந்த எதிரி அணியில் அதுவும் இருந்தது.

வீடு திரும்பிய கப்பல்

1945 ஏப்ரலில் கொரியாவின் மொக்போ அருகே அமெரிக்க விமானங்களே 102 மீது குண்டு போட்டன. அப்போதும் மூழ்கவில்லை. போர் முடிந்த பிறகு, ஜப்பானின் குரே அருகே அமெரிக்கப் படையினர் அதைக் கண்டுபிடித்தார்கள். அக்டோபர் 29-ம் தேதி மீண்டும் அமெரிக்கக் கொடி ஏறியது.

ஆனால் பழைய பெயரைத் திருப்பித் தர முடியவில்லை. அதுதான் வேறு கப்பலுக்குப் போய்விட்டதே! அதனால் வெறும் 'டிடி-224' என்ற எண் மட்டும்தான். மாலுமிகள் 'ரேம்ப்-224' என்று கூப்பிட்டார்கள். எதிரியிடம் இருந்து மீட்கப்பட்ட போர்க்கைதிகளைக் குறிக்கும் ராணுவச் சுருக்கம் அது.

வரும் வழியில் என்ஜின் பழுதாக, சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்துத்தான் வந்தார்கள். 1946 மே 24-ம் தேதி அந்த நகருக்கு அப்பால் கடலில், பயிற்சி இலக்காக வைத்துச் சுட்டு மூழ்கடித்தார்கள்.

2024-ல் என்ன நடந்தது?

ஹார்டர், ஸ்டூவர்ட் இரண்டுமே ஒரே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தன. லூசோன் அருகே 3,000 அடிக்கும் மேல் ஆழத்தில் கிடப்பது ஹார்டர்தான் என்று 2024 மே மாதம் அமெரிக்கக் கடற்படை உறுதி செய்தது. ஆகஸ்ட் 1-ம் தேதி, கலிஃபோர்னியா கடலில் சுமார் 3,500 அடி ஆழத்தில் ஸ்டூவர்ட்டை ஆளில்லா நீர்மூழ்கி ட்ரோன்கள் கண்டுபிடித்தன.

ஸ்டூவர்ட் பெரிதாகச் சிதையாமல் நிமிர்ந்த நிலையில் இருக்கிறது. இரண்டு கப்பல்களையும் தொடவோ, எதையும் எடுக்கவோ அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதில் ஹார்டர், 79 பேரின் கல்லறையும்கூட.