கொலோசிமோ உணவகம்

கொலோசிமோ உணவகம் என்பது அமெரிக்காவின் சிக்காகோ நகரில், தெற்கு வாபாஷ் அவென்யூவில் 2126ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய இத்தாலிய உணவகம் ஆகும். இத்தாலியிலிருந்து குடியேறிய ஜேம்ஸ் கொலோசிமோ 1910இல் இதைத் தொடங்கினார். 'பிக் ஜிம்' என்று அழைக்கப்பட்ட இவர், அந்நகரக் குற்ற உலகின் தலைவராகவும் விளங்கினார். ஓர் உணவகம் குற்ற உலகையும் ஆட்சி அதிகாரத்தையும் எவ்வாறு இணைத்தது என்பதற்கு இதன் வரலாறு நல்ல சான்று.

உரிமையாளரின் பின்னணி

கொலோசிமோவின் இயற்பெயர் ஜியாகோமோ. இவர் தென் இத்தாலியின் கலாபிரியா பகுதியில் உள்ள கொலோசிமி என்னும் ஊரில் 1878இல் பிறந்தார். இளம் வயதிலேயே சிக்காகோவுக்கு வந்து, தெருக் கூட்டும் வேலையில் சேர்ந்தார். உடன் வேலை செய்தவர்களை ஒன்றுதிரட்டி, அவர்களின் வாக்குகள் ஒரே பக்கம் விழும்படி செய்தார். முதலாவது வார்டின் நகரமன்ற உறுப்பினர்களான மைக்கேல் கென்னா, ஜான் காக்லின் ஆகிய இருவரும் அவரைத் தம் தேர்தல் பணிக்குச் சேர்த்துக்கொண்டனர். கைம்மாறாக, காவல்துறையின் நடவடிக்கைகளிலிருந்து அவருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது.

1902இல் விக்டோரியா மொரெஸ்கோ என்பவரை மணந்தார். பாலியல் தொழில் விடுதி நடத்திவந்தவர் அவர். இருவரும் சேர்ந்து அத்தகைய விடுதிகளைப் பெருக்கினர். உணவகம் எழுந்தது இந்த வருமானத்தில்தான்.

மிரட்டலும் டோரியோவின் வருகையும்

அக்காலத்தில் இத்தாலியக் குடியேறிகளிடம் மிரட்டல் கடிதம் அனுப்பிப் பணம் பறிப்பவர்கள் இருந்தனர். கடிதத்தில் கருப்புக் கை வரையப்பட்டிருந்ததால் அச்செயலுக்கே 'கருப்புக் கை' என்று பெயர் வந்தது. கொலோசிமோவும் இதற்கு இலக்கானார். அவர்களை எதிர்கொள்ள நியூயார்க்கிலிருந்து ஜானி டோரியோவை வரவழைத்தார். டோரியோ நாளடைவில் தொழில் முழுவதையும் நிர்வகிக்கும் பொறுப்புக்கு உயர்ந்தார்.

உணவகத்தின் புகழ்

இத்தாலிய உணவு, ஒயின், இசைக்குழு, நடனம் ஆகியவை உணவகத்தின் சிறப்புகள். ஓபரா பாடகர் என்ரிகோ கரூசோ, வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ போன்ற பெயர்பெற்றவர்கள் இங்கு வந்தனர். அரசியல்வாதிகளும் குற்றவாளிகளும் ஒரே கூடத்தில் அமர்ந்து உண்டனர். இங்கு வந்துபோன பிரமுகர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன; இதற்கு மூலதனம் ஈட்டித்தந்த விடுதிப் பெண்களின் பெயர்களோ பெரும்பாலும் பதிவாகவில்லை.

கொலை

1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கள்ளச்சாராய வணிகத்தில் பெரும் லாபம் கிடைக்கும் என்று டோரியோ கணித்தார். கொலோசிமோ அதில் ஆர்வம் காட்டவில்லை என்று கூறப்படுகிறது. இதற்கிடையே அவர் விக்டோரியாவை மணவிலக்குச் செய்து, உணவகத்தில் பாடிவந்த டேல் வின்டரை மணந்தார். சில வாரங்களில், 1920 மே 11 அன்று, உணவகத்தின் முன்கூடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். புரூக்ளினைச் சேர்ந்த பிராங்கி யேல் மீது சந்தேகம் எழுந்தது. ஆனால் எவரும் தண்டிக்கப்படவில்லை.

இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் கலந்துகொண்டனர். நீதிபதிகளும் நகரமன்ற உறுப்பினர்களும் குற்ற உலகத்தினருடன் சேர்ந்து நடந்தனர். உணவகக் கூடத்திற்குள் இருந்த உறவு அன்று தெருவில் வெளிப்பட்டது. கத்தோலிக்கச் சடங்குக்கு அனுமதி மறுக்கப்பட்டதால், ஓக் வுட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

பிற்காலம்

கொலோசிமோவுக்குப் பின் டோரியோ தலைமை ஏற்றார். 1925இல் அது அவரிடமிருந்து அல் கபோனிடம் சென்றது. உணவகம் வேறு நிர்வாகத்தில் 1940கள் வரை நடந்தது. பின்னர் கட்டடமும் இடிக்கப்பட்டது.

கொலோசிமோவின் வளர்ச்சிக்குத் துப்பாக்கியைவிட வாக்குச்சீட்டே அதிகம் உதவியது என்பது இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்கது. ஆள் மாறினாலும் அந்த ஏற்பாடு மாறவில்லை. அதனால்தான் அவருடைய கொலைக்குப் பிறகும் அவர் உருவாக்கிய அமைப்பு முன்னைவிட வலுவாக வளர்ந்தது.